காற்றில்லாத இடத்துக்கு ஓர் எக்காளம்

விண்வெளியில் காற்றில்லை,
அதனால் சத்தமும் இல்லை என்று
எட்டாம் வகுப்பில் மிக்கேல் வாத்தியார் சொன்னபோது
எழுந்து நின்றவன் நான் ஒருவன்தான்.
"நேத்து ராத்திரி பாம்பன் கொட்டகையில் கேட்டேனே சார்."

கேட்டது நிஜம்.
தொடாமலே வாசிக்கும் பெட்டியாம் அது.
பக்கத்தில் கையை ஆட்டினால் போதுமாம்,
பல்வலி வந்த பூனைபோல் நீளும் ஊளை.
தட்டு இறங்கும் முன்னே அது இறங்கிவிடும்.
கோடு கோடாய் மழை பெய்யும் பழைய பிரதியில்
தமிழ் பேசும் வெள்ளைக்காரன்
"அதோ ஆபத்து" என வாய் திறப்பதற்குள்
மணலில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

குரல் மாற்றும்போது இசை தொலைந்துபோன படங்களும் வரும்.
கிடைத்ததை ஒட்டி அனுப்புவார்கள்.
ஒருமுறை வியாழன் கிரகத்தில் தவில் கேட்டது.
யாரும் ஆட்சேபிக்கவில்லை.

பிறகு, மீசை அரும்பிய வருஷம், ராமநாதபுரத்தில்,
கருப்பில் ஒரு கப்பல் மெல்லத் திரும்பியது.
பெட்டியை எங்கோ தூக்கிப் போட்டுவிட்டார்கள்.
ஊளை இல்லை.
நூறு பேர் இருப்பார்கள்.
வயலின்கள் ஒரே வீச்சில் துடுப்புப் போட,
பின்னாலிருந்து எழுந்தது பித்தளை.
நான் இருட்டில் உதடு குவித்தேன்.
அந்த மூன்று சுரமும் எனக்குத் தெரியும்.
சந்தியாகப்பர் தேர் நிலைவிட்டு நகரும்போது
தங்கச்சிமடம் பேண்டில் நாங்கள் ஊதுவது.
சவப்பெட்டி படியிறங்கும்போதும் அதேதான்,
கொஞ்சம் மெதுவாக.

எத்தனை படம் பார்த்துவிட்டேன் அதன்பின்.
கதவு மாறியது, துப்பாக்கி மாறியது,
சாப்பாடு மாத்திரையானது.
பிடில் மட்டும் பிடிலாகவே இருந்தது.
ஐந்நூறு வருஷம் கழித்தும்
எவனோ ஒருவன் வில்லுக்குப் பிசின் தடவுகிறான்.
தெரியாத ஊருக்குத்
தெரிந்தவன் கையைப் பிடித்துக்கொண்டுதானே போகிறோம்.

ஐம்பத்தொரு வயதில் கோடம்பாக்கத்தில் கூப்பிட்டார்கள்.
நம் ஆட்களே எடுக்கும் விண்வெளிப் படம்.
நாற்பத்து மூன்று பேரில் நான் கடைசி வரிசை.
காதுக்குள் டிக் டிக்.
கயிறு அறுந்து வீரன் மிதந்துபோகிற இடத்தில்
இசையமைப்பாளர் கையமர்த்தினார்:
"டிரம்பெட், இங்கே சுரம் வேண்டாம்.
வெறும் காற்றை ஊதுங்க."

முப்பது வருஷத்தில் முதல்முறையாக
காற்றுக்குக் காசு.
என் தங்கை சந்தியாயி நினைவுக்கு வந்தாள்.
சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிறவள்.
பாறையடியில் மூழ்கி, இனி வரமாட்டாள் என்கிற நேரத்தில்
தலை நீட்டி ஒரு சீழ்க்கை விடுவாள்.
வாயால் அல்ல, நெஞ்சால்.
அதைத்தான் ஊதினேன்.
பன்னிரண்டு விநாடி.
கண்ணாடிக்கு அப்பால் பெருவிரல் உயர்ந்தது.
மூவாயிரம் ரூபாய், பிரியாணி.

படம் வந்தது.
வேன் பிடித்து ஒன்பது பேர் போனோம்.
சந்தியாயி விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல்
பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.
கயிறு அறுந்தது.

ஒன்றுமே இல்லை.

வெட்டிவிட்டார்கள்.
மிக்கேல் வாத்தியார் ஜெயித்துவிட்டார்.
பொரி நொறுங்குவது கேட்டது,
பின்வரிசைக் குழந்தையின் விக்கல் கேட்டது.
அந்த வீரன் சிறுத்துக்கொண்டே போனான்.
வயலின்கள் திரும்பி வந்தபோதுதான்
என் தோளருகே அந்தச் சீழ்க்கை.
பழக்கத்தில் மூச்சைப் பிடித்திருந்திருக்கிறாள்.

"எங்கண்ணே உன் ஊதல்?"
"எடுத்துட்டாங்க."
கொஞ்சம் யோசித்தாள்.
"தப்பு. அடியில சும்மா இருக்காது.
என்னமோ கேட்டுக்கிட்டேதான் இருக்கும்."
என்ன கேட்கும் என்றேன்.
இடைவேளை விளக்கு போட்டார்கள்,
அவள் கழிப்பறை தேடிப் போய்விட்டாள்.

கடைசியில் பெயர்கள் ஓடின.
கித்தேரியான் என்பதைக் கிட்டேரியன் ஆக்கியிருந்தார்கள்.
மச்சான் மட்டும் கைதட்டினார்.

திரும்பும்போது பாலத்தில் வேன் ஏறியதும்
இரண்டு பக்கக் கடலும் சன்னலுக்குள் வந்து இரைந்தது.
"கண்ணாடியை ஏத்துங்கப்பா,
காது அடைக்குது" என்றார்கள் பின்னாலிருந்து.